மேளம் கொட்டி வாங்கிய பாலம்

தலைச்சோலை,
ஆவணி மாதம், புதன்கிழமை.

என் கண்ணு ராசம்மாளுக்கு அப்பன் மாதப்பன் மனம் நிறைந்து எழுதுவது. சேர்வராயன் சாமி புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் மாடு கன்றும் சுகம், கோலாரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் என் பேரனோ பேத்தியோ அதுவும் சுகமாயிருக்க தினமும் கும்பிடுகிறோம். உட்கார்ந்துகொண்டு படி. நின்றபடி படித்துச் சிரித்து விழுந்து வைத்தால் மாப்பிள்ளை என்னைத்தான் ஏசுவார்.

வண்டி போகாத ஊருக்கு வாயும் வயிறுமாக இருப்பவளை அனுப்ப மாட்டேன், தலைப்பிரசவம் இங்கேயே ஆகட்டும் என்று மாப்பிள்ளை சித்திரையில் எழுதினாரே, அன்றிலிருந்து உன் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மாமியாரும் இல்லாத வீட்டில், தெரியாத ஊரில் என் மகள் தனியாகப் பிள்ளை பெறுவதா என்று ஒரே அழுகை. மாப்பிள்ளையைச் சொல்லியும் குற்றமில்லை, ஓடைப் பாலத்தின் பலகையெல்லாம் உளுத்துப்போய் ஆள் நடக்கவே பயந்து கிடந்தது. துரைமாரின் காப்பி மூட்டை போகிற ரோட்டுக்கு வருஷா வருஷம் கல் கொட்டுகிற ஜில்லா போர்டு, நாம் மனுக் கொடுத்தால் மட்டும் பணமில்லை என்று கையை விரிக்கும். நம் வண்டிக்கு வரி வாங்க மட்டும் ஒரு வருஷமும் மறந்ததில்லை. இந்தத் தடவை ஊரே சேலத்துக்குப் போய் நின்றதில், சரி, ஓவர்சீயர் வந்து பார்ப்பார், அவர் எழுதினால் பணம் என்றார்கள்.

அங்கேதான் நம் ஊர்ப் புத்தி வேலை செய்தது. விருந்தாளி வருகிற வழியில் கால் இடறினால் ஊருக்கே அவமானம் என்று ஊர்க்கவுண்டர் காளியண்ணன் சொல்ல, ஆளாளுக்கு மூங்கில் வெட்டி உளுத்த பலகைமேல் பரப்பி, செம்மண் கொட்டி, சாணி மெழுகி, இரண்டு பக்கமும் வாழை மரம் கட்டி, மாவிலைத் தோரணமும் கட்டிவிட்டோம். பொம்பளைகள் கோலம் வேறு போட்டார்கள். மட்டக்குதிரையில் வந்த ஓவர்சீயர் அதை அக்கரையில் கட்டிவிட்டு நடந்து வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, "பாலம் நல்லாத்தானே இருக்குது, இதுக்கெதுக்குப் பணம்?" என்றாரே பார்க்கலாம்! ஊரே வாயைப் பிளந்தது. உன் அம்மா முன்னால் போய், "ஏனுங்க, அது நேத்துக் கட்டுனதுங்க, அடியில நொம்ப உளுத்துக் கெடக்குதுங்க" என்று கெஞ்சினாள். பணம் பிடுங்க மலைக்காரர்கள் கதை கட்டுகிறார்கள் என்று நினைத்து அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் காளியண்ணனை அங்கேயே நாலு கேட்டிருப்பேன்.

ஆனாலும் வந்தவரை மேளத்தோடு எல்லை வரை கொண்டுபோய் விட வேண்டுமே, அது நம் வழக்கமாயிற்றே. இல்லை என்று சொன்னவருக்கு மேளம் ஒரு கேடா என்று முனகிக்கொண்டே நானும் போனேன். மாலையும் கழுத்துமாக ஓவர்சீயரை நடுவில் விட்டு ஊரே பாலத்தில் ஏறியது. மேளத்து அடி சூடு பிடிக்க, மேளக்காரன் குதிக்க, காளியண்ணனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட, அடியில் மடமடவென்று ஒரு சத்தம். அவ்வளவுதான் கண்ணு, ஓவர்சீயர், மேளம், தோரணம், நான், எல்லாரும் ஓடைச் சேற்றில்! சாமி காப்பாற்றியது, ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புக்கு மேல் இல்லை. குதிரை மட்டும் அக்கரையில் நின்று எங்களை வேடிக்கை பார்த்தது. தலைப்பாகை ஒரு பக்கம் மிதந்து போக, சேற்றில் உட்கார்ந்திருந்தார் ஓவர்சீயர். எழுப்பிவிடக் கை கொடுக்கும் முன்னே உன் அம்மா, "இப்பத் தெரியுதுங்களா சாமி?" என்று கேட்டாள். அவர் ஒரு நிமிஷம் முறைத்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாரே ஒரு சிரிப்பு, நல்ல மனுஷன். ஆனியில் பணம் வந்துவிட்டது. பாலத்துக் கல்லைக் கண்ணால் பார்க்காமல் பிள்ளைக்கு ஆசை காட்டாதே என்று உன் அம்மா தடுத்ததால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

இப்போது கல்பாலம் முடிந்துவிட்டது, யானையே போகலாம். மாப்பிள்ளையிடம் இதைப் படித்துக் காட்டு. சேலம் டேசனில் உன் மாமன் நிற்பான். மலையில் குளிர் தொடங்கிவிட்டது, கம்பளியை மறக்காதே, ரயிலில் கண்டதை வாங்கித் தின்னாதே. தாயும் பிள்ளையும் நீடூழி வாழ வேண்டும்.

ஒன்று மட்டும். புதுப் பாலத்தில் முதலில் ஏறுவது ராசம்மாள் வரும் வண்டிதான் என்று ஊர் கூடிப் பேசியாயிற்று. அதனால் பாலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நாங்கள் எல்லாரும் ஓடையில் இறங்கித்தான் நடக்கிறோம். தண்ணீர் முழங்காலைத் தாண்டிவிட்டது, "புள்ள எப்பத்தானுங்க வருது?" என்று காளியண்ணன் தினமும் நடுங்கிக்கொண்டே கேட்கிறார். சீக்கிரம் வா சாமி.

உன் வழி பார்த்திருக்கும் அப்பன்,
மாதப்பன்