அப்பா அனுப்பாத பாதி

அன்புள்ள அக்காவுக்கு, இங்கே மூன்று பேரும் சுகம். அங்கே உன் இருமல் தொலைந்து நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

அப்பா உனக்கு அனுப்பும் பெட்டியில் அவர் கடிதம் மேலாக இருக்கும், இது அடியில் என் காலுறைக்குள் இருக்கும், இதை முதலில் படி. அப்பா தூங்குகிறார், நான் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், குறட்டை நிற்கும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிடுகிறேன். குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியபோது அப்பாவுக்குக் கிடைத்த, இரண்டு பாதியும் மூடியபடியே இருந்த பழைய சிப்பிகளை அனுப்பச் சொன்னாயே, அவற்றைக் குழாயில் உப்புக்கறை எடுக்கிற ஆசிட்டில் ஊறப்போட்டுவிட்டார். ஆராய்ச்சி பண்ற பொண்ணு அழுக்குச் சிப்பியைத் தொடலாமா என்றார். வாளியில் நுரை பொங்கியது, பாரு, அழுக்கு எப்படி ஓடுது என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். ஓடியது அழுக்கில்லை, சிப்பியேதான். சிப்பி வளரும்போது ஒவ்வொரு கோட்டிலும் அன்றைய கடலின் சூட்டுக்கு ஏற்றபடி கனமான ஆக்சிஜனும் லேசான ஆக்சிஜனும் கூடக்குறையப் பதிந்துவிடும், வெப்பமானி இல்லாத காலத்துக் கடலை அதில்தான் படிக்க முடியும், என் ஆராய்ச்சியே இதை நம்பித்தான் என்று நீ போனில் சொன்னபோது அவர் வேலைக்குப் போயிருந்தார். இப்போது எல்லாம் பீங்கான் மாதிரி வழவழவென்று இருக்கிறது, ஒரு கோடுகூட இல்லை. சொல்லிவிடலாம் என்று போனேன், அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

ஆனால் நீ அழாதே. ரெண்டு பாதியும் ஒரே மாதிரிதானே, வீண் கனம் எதுக்கு என்று அப்பா ஒவ்வொன்றிலும் ஒரு பாதியைத்தான் ஊறவைத்தார். மறுபாதிகளை அம்மா பூந்தொட்டிகளில் போட்டு வைத்திருந்தாள். எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டேன், கழுவவில்லை, மண்ணோடு காலுறைகளில் திணித்திருக்கிறேன். கோடுகள் நகத்தில் தட்டுப்படுகின்றன. அப்பா சொன்னது சரிதானே அக்கா, ரெண்டும் ஒன்றுதானே?

பெட்டி வந்ததும் அவரிடம் கோபமாகப் பேசிவிடாதே. பள்ளத்தில் இனி எது கிடைத்தாலும் கழுவாமல் எடுத்து வைக்கச் சொல், நீ சொன்னால் கேட்பார், நான் சொன்னால் முளைச்சு மூணு இலை விடலே, அதுக்குள்ள வாயைப் பாரு என்பார். நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு ஈரத்தோடு படுக்காதே. ஆசீர்வாதம் பண்ண எனக்கு வயசு போதாது, அப்பா எழுதியதையே இரண்டு தடவை எடுத்துக்கொள்.

குறட்டை நின்றுவிட்டது.

இப்படிக்கு,
உன் வாலு

மறக்காதே: பளபளக்கிற பாதி ஒன்றை உன் மேஜைமேல் வைத்துக்கொள். எங்கே வைத்திருக்கிறாய் என்று அப்பா கட்டாயம் கேட்பார்.