பாதி மருந்து

ஐப்பசி 21, வியாழன்

வெள்ளம் வடிந்து ஐந்து நாளாகிறது. சித்தையன்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கும் குடும்பங்களுக்கெல்லாம் ஒரே கிணறு. முந்தாநாள் அதில் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னேன். பெண்கள் வாயில் வைத்ததுமே துப்பிவிட்டார்கள்.

"இம்புட்டு நாத்தத்தைக் குடிக்கிறதுக்கு வெள்ளத்தோடயே போயிருக்கலாம் டாக்டரம்மா" என்றாள் பாத்திமா. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவள் பின்னாலேயே குடத்தோடு வாய்க்காலுக்குப் போனார்கள். அங்கே மாடுகள் செத்து மிதந்ததை நான் பார்த்திருந்தேன்.

அதனால் நேற்று மருந்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். நெடி போனால் கிணற்றுக்கே வருவார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள். இன்று காலை பாத்திமா ஒரு டம்ளரை நீட்டினாள். "குடிச்சுப் பாருங்க, இப்பத்தான் தண்ணி தண்ணியா இருக்கு." எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. குடித்தேன்.

மதியம் அவள் மகளுக்கு வாந்தியும் பேதியும் கண்டன. இருவரையும் ஜீப்பில் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஏறும்போது, "புள்ள வாய்க்கால் தண்ணியக் குடிச்சாளா?" என்று கேட்டேன். ஆமாம் என்று அவள் சொல்ல வேண்டுமே என்று மனம் ஏங்கியது.

"முந்தாநாள் குடிச்சா. நேத்துலேருந்து உங்க கிணத்துத் தண்ணிதான் டாக்டரம்மா."

எந்தத் தண்ணீரால் வந்தது என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

சாயங்காலம் முழு அளவு போடச் செய்தேன். காலையில் நெடி அடிக்கும். குடங்கள் மறுபடி வாய்க்காலுக்குக் கிளம்பும். பாத்திமா இங்கே இருந்து சொன்னால் அந்தப் பெண்கள் போகாமல் நிற்பார்கள். நேற்று மருந்தைக் குறைத்தது என் தப்பு என்று நானே சொல்லிவிடலாம். சொன்னால் கிணற்றை யார் நம்புவார்கள்?

ஜீப் இன்னும் திரும்பி வரவில்லை.