சிறந்தவருக்கு விடுப்பு இல்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாகவே இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் அந்தக் குட்டி ரவுடியும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். கால் வீக்கத்தைப் பற்றிக் கேட்டால் நீ மழுப்புகிறாய், அது எனக்குத் தெரியாமல் இல்லை, நாற்காலியில் உட்காரும்போது காலைத் தூக்கி இன்னொரு நாற்காலியில் வை, யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காதே. பிரசவத்துக்கு அம்மா வருவாங்களா மாட்டாங்களா, ஒரே வார்த்தையில சொல்லுங்கப்பா என்று நீ போனில் அழுதபோது, எழுதுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், ஆனால் ஒரே வார்த்தையில் முடியாது, நடந்த கூத்து அப்படி.

உன் அம்மா தளத்தில் லீவு கேட்டு இரண்டு தடவை எழுதிக் கொடுத்தாள், இரண்டு தடவையும் ஆள் பற்றாக்குறை என்று திரும்பி வந்தது உனக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து விமானப்படைத் தலைமையிலிருந்து ஓர் உத்தரவு வந்தது, உன் அம்மாவைப் போல விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் நிபுணர்களின் தலைசிறந்த சேவையைப் பாராட்டி விருது கொடுக்கப் போகிறார்களாம், முதல் விருது வாங்குகிறவருக்கு ஒரு மாதம் சிறப்பு விடுப்பும் உண்டாம். மேடை என்றாலே காத தூரம் ஓடுகிற உன் அம்மா அன்றைக்கே பேர் கொடுத்துவிட்டாள். தளத்தின் பெரிய அதிகாரியை உனக்கு நினைவிருக்கும், சட்டையின் மடிப்பு கலையாமல் நடக்கிறவர், எல்லோரும் இஸ்திரி என்று சொல்வார்களே, அவரே உட்கார்ந்து அவளைப் பற்றிப் பாராட்டுரை எழுதினாராம். தளத்து வாசலில் தையல் கடை வைத்திருக்கிற எனக்கு மேடைத் திரைச்சீலை தைக்கும் வேலை வந்தது. பாராட்டப்படுகிறவளின் புருஷனாயிற்றே என்று கொஞ்சம் கூலி கூட்டிக் கேட்டேன், குறைத்துவிட்டார்கள்.

விழாவன்று நடந்ததைக் கேள். சிறப்பு விருந்தினராகத் தலைமையிலிருந்து ஒரு தளபதி விமானத்தில் வந்து இறங்கினார், மாலையே திரும்பிப் போக வேண்டுமாம், அப்படியானால் விழா நடக்கிற நேரத்தில்தான் அவருடைய விமானத்துக்கு எண்ணெய் நிரப்பியாக வேண்டும். குழாயை விமானத்தில் மாட்டிவிட்டால் நிரப்பி முடிக்கிறவரை யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது, குழாயோடு ஓர் ஆள், லாரியின் மீட்டரோடு ஓர் ஆள், தீயணைக்கிற சிலிண்டரோடு ஓர் ஆள் என்று நின்றே ஆக வேண்டும். விளைவு என்னவென்றால் எரிபொருள் நிபுணர்களைப் பாராட்டும் விழாவில் ஓர் எரிபொருள் நிபுணர்கூட இல்லை. இதை முன்னாடியே யாரும் யோசிக்கவில்லையா என்றால், யோசிப்பதற்கென்று ஒரு குழு போட்டிருந்தார்கள், அது பந்தலுக்கு என்ன நிறம் என்பதோடு கலைந்துவிட்டது. கடைசியில் வீட்டு ஆட்களை மேடையில் ஏற்றினார்கள். அம்மாவோடு வேலை செய்கிற மீசைக்காரரின் இரண்டாம் பரிசை அவருடைய மாமனார் வாங்கினார், குழுப் பரிசைக் கேண்டீன்காரர் வாங்கினார், முதல் விருதான கேடயத்தை நான் வாங்கினேன். தளபதி என் கையைக் குலுக்கி, இத்தனை வருஷமா விமானத்துக்கு எரிபொருள் நிரப்பறீங்க, இந்த வேலையில எதுங்க ரொம்ப முக்கியம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதானே, அளவு தப்பக் கூடாதுங்க, தப்பிட்டா மொத்தத் துணியும் வீண் என்றேன். அவர் அசந்துபோய் அதையே தம் பேச்சில் இரண்டு தடவை சொன்னார், கைதட்டல் அடங்கவே இல்லை. தளத்துப் பத்திரிகையில் என் படத்தைப் போட்டு, கீழே உன் அம்மாவின் பதவியை அச்சடித்திருக்கிறார்கள். இனி யாராவது என் கடைக்கு ஜெட் விமானத்தை ஓட்டிக்கொண்டு வராமல் இருக்க வேண்டும்.

சிரித்தது போதும், விஷயத்துக்கு வருகிறேன். மேடையில் இஸ்திரி வாசித்து, தளபதி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பாராட்டுரையில் ஒரு வரி, இவர் இல்லாமல் எங்கள் எரிபொருள் பிரிவு ஒரு நாள்கூட இயங்காது என்று. எல்லோரையும் முந்திக்கொண்டு கைதட்டியது நான்தான், உண்மையைத்தான் சொல்கிறேன். அந்த வரிதான் குழி பறித்தது. அம்மா சிறப்பு விடுப்புக்கு எழுதிக் கொடுத்ததும் லீவு குமாஸ்தா பதில் அனுப்பினார், இவர் இல்லாமல் பிரிவு ஒரு நாள்கூட இயங்காது என்று தளபதியின் கையெழுத்தோடு உறுதி செய்யப்பட்டிருப்பதால் விடுப்பு அளிப்பதற்கில்லை, சேவைக்கு நன்றி. அதைப் படித்த கையோடு கடையைப் பூட்டினேன். அந்த வரியை மட்டும் அடிச்சிட்டா என்ன என்று போய்க் கேட்டேன். தளபதி கையெழுத்துப் போட்டதுங்க, அதில கை வைக்க முடியாது என்றார் குமாஸ்தா, தன் குழந்தைக்குத் தைத்த சட்டையின் பாக்கியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

உன் அம்மா அந்தக் கேடயத்துக்கு ஆசைப்படவில்லை என்று சொன்னால் அது பொய். கூடத்தில் ஆணி அடிக்கச் சொன்னாள், நான் கோணலாக அடித்ததற்குத் திட்டினாள், தன் பெயர் வெட்டியிருந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். ஊருக்கே கேட்கிற சத்தத்தில் விமானம் பறக்கும், அதற்கு எண்ணெய் போட்டவள் பெயர் ஒரு தடவையாவது எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று அவள் என்றைக்கோ கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதே கேடயத்தைத்தான் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இஸ்திரியின் அறைக்குப் போனாள், நானும் கூடப் போனேன். மேசைமேல் வைத்துவிட்டு, சார், இதை நீங்களே வச்சுக்கங்க, நான் சுமாரான ஆளாவே இருந்துக்கறேன், சுமாரான ஆளுக்கு லீவு உண்டுல்ல என்று கேட்டாள். இஸ்திரியின் முகத்தில் முதல் தடவையாக ஒரு மடிப்பைப் பார்த்தேன். குமாஸ்தா சட்டப் புத்தகத்தைப் புரட்டோ புரட்டென்று புரட்டினார். விருதைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை, திருப்பிக் கொடுத்துவிட்டால் பாராட்டுரையும் செல்லாது, பாராட்டுரை செல்லாதென்றால் அவள் இல்லாமலும் பிரிவு தாராளமாக இயங்கும். சாதாரண லீவாகவே ஒரு மாதத்துக்கு இஸ்திரியின் கையெழுத்து விழுந்தது.

அடுத்ததாக அந்த விருதை மீசைக்காரர் தலையில் கட்டப் பார்த்தார்கள். அவர் மூச்சிரைக்க நம் வீட்டுக்கு ஓடி வந்து, அக்கா, என்னை ஏன்க்கா மாட்டி விடறீங்க, தங்கச்சி கல்யாணம் வருதுக்கா, நான் சிறந்த ஆளே இல்லன்னு நீங்களே எழுதிக் குடுங்க என்று கெஞ்சினார். பிரிவில் ஒருத்தரும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள், எல்லோருக்கும் திடீரென்று தன்னடக்கம் வந்துவிட்டது. கடைசியில் இஸ்திரிக்கே ஒரு வழி தோன்றி, கேடயத்தை எண்ணெய் லாரியின் முன்பக்கம் திருகாணி போட்டு மாட்டிவிட்டார். லாரி லீவு கேட்காதல்லவா.

ஆக, கண்ணு, அம்மா வருகிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ரயில், மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு அனுப்பி வை, பெட்டி கனக்கும். நான் கடையில் ஒப்புக்கொண்ட துணிகளைக் கொடுத்துவிட்டுக் குழந்தை பிறந்ததும் ஓடி வருகிறேன். அவள் குடிக்கிற தண்ணீரைக்கூடக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்துக்கு நேராகச் சுழற்றி, அடியில் ஏதாவது தங்குகிறதா என்று பார்ப்பாள், விமான எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வந்த பழக்கம், மாப்பிள்ளை தப்பாக நினைக்காமல் இருக்கச் சொல்லி வை. நீ வேளைக்குச் சாப்பிடு, பாத்ரூமில் வழுக்காத செருப்புப் போட்டுக்கொள். தாயும் பிள்ளையுமாக ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாகப் பிழைத்து வர வேண்டும், என் நினைப்பெல்லாம் அதுதான், நீங்கள் எல்லோரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். இன்னொன்று, மறந்துவிடாதே. அம்மா வந்து இறங்கியதும் அவளைக் கட்டிக்கொண்டு, உன்னை மாதிரி யாரும் இல்லம்மா என்று ஒரு வார்த்தை சொல். காதோடு சொல், சத்தமாகச் சொல்லி இங்கே யார் காதிலாவது விழுந்தால் லீவை ரத்து செய்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
சுமாரான ஒருத்தியின் புருஷனாகப் பெருமையோடு இருக்கும்
உன் அப்பா