எனக்கு மட்டும் விழாத கியர்

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கும் இரண்டாவது கியர் விழவில்லை. கோடம்பாக்கம் பாலத்தில் ஏறும்போது கரகரவென்று கத்திவிட்டு நடுவிலேயே கார் நின்றுவிட்டது. பின்னால் ஒருத்தன், "யக்கோவ், தள்ளிக்கினு போ!" என்றான். வந்து தள்ளுடா என்றேன். சுற்றிக்கொண்டு போனான்.

டிரைவிங் ஸ்கூல் காரில் நன்றாக விழுந்த கியர், லைசென்ஸ் வாங்கி வந்த பிறகு எங்கள் காரில் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது? பாலு போய் இரண்டு மாதம். பதினெட்டு வருஷம் அவர் ஓட்டின கார். புருஷன் போனால் பொண்டாட்டிக்குத் துக்கம், காருக்கு என்ன?

நான் சமைத்துக் கொடுக்கும் அடையாறு ஹாஸ்டலுக்கு மதியச் சாப்பாடு ஆட்டோவில்தான் போனது. பாதி சாம்பார் ஆட்டோக்காரர் காலில்.

ஜூன் 4, புதன்

கொழுந்தன் முத்துகிருஷ்ணன் வந்தான். "அண்ணி, ஞாயித்துக்கெழம காயலாங்கட ஆளு வரான். பழைய இரும்புக்கு வண்டி போனா எடமாவது மிச்சம்." அண்ணன் காரில் ஓசியில் ஊர் சுற்றின வாய்!

"அதுக்குள்ள நானே ஓட்டிக் காட்டுறேன். ஓட்டலன்னா எடுத்துக்கினு போவட்டும்."

"நீயா? கியரே போட வரல உனக்கு."

கார் போனால் ஹாஸ்டலும் போகும். அப்புறம் யாருக்குச் சமைப்பது? எனக்கென்று ஒரு டம்ளர் அரிசி போட்டாலே மிஞ்சுகிறது.

ஜூன் 5, வியாழன்

மெக்கானிக் பஞ்சாட்சரம் கியர் ஆயில் மாற்றினார். கேபிளைப் பார்த்தார். எஞ்சினை அணைத்துவிட்டுப் போட்டால் எனக்கும் கியர் விழுகிறது. ஓடவிட்டால் விழவில்லை. "அப்போ கிளட்ச்தான்" என்று அவரே ஒரு சுற்று ஓட்டி வந்தார். எல்லா கியரும் விழுந்ததாம்.

"தேவானை, வண்டில ஒண்ணும் இல்ல கண்ணு."

எனக்கு மட்டும்தான் விழாது. செத்தும் அந்த மனுஷனுக்கு என்னை வம்புக்கு இழுக்காமல் இருக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு அன்புக்கரசி, எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னாள். நாலு டயருக்கும் நாலு பழம் நசுக்கினேன். விழவில்லை. ஜூஸாவது போட்டிருக்கலாம்.

ஜூன் 6, வெள்ளி

பஞ்சாட்சரம் பக்கத்தில் உட்கார்ந்து என்னை ஓட்டச் சொன்னார். ரோட்டைப் பார்க்கவில்லை, என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். பனகல் பார்க் சிக்னலில்,

"கிளட்ச்ச முழுசா அமுக்கு."

"அமுக்கிக்கினுதான் கீறேன்."

"எங்க? நுனிக்கால்தான் எட்டுது. பாலு ஆறடி ஆளு, நானும் அப்டித்தான். நீ இன்னா உயரம்? சீட்ட முன்னாடி இஸ்துக்கோ."

"மாட்டேன்."

"ஏம்மா?"

டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறியதும் முதலில் சீட்டைத்தான் இழுப்பேன். இங்கே கை போகவில்லை. கால் எட்டாததை எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை. பாலு கடைசியாக உட்கார்ந்த அளவு அது. சட்டையெல்லாம் குடுத்துட்டேன். கட்டில மாத்திட்டேன். அந்த சீட்ட மட்டும் தொடல — தொட்டா அந்த ஆளு எழுந்து போயிடுவாரே, நான் இன்னா பண்றது?

பச்சை விழுந்தும் அழுதுகொண்டிருந்தேன். பின்னால் ஹாரன்.

ஜூன் 7, சனி

காரை எடுக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

காயலாங்கடைக்காரன் வந்து பேனட்டைத் தட்டினான். தட்டின விதம் பிடிக்கவில்லை, செத்த மாட்டைத் தட்டுகிற மாதிரி. கதவைத் திறந்து உட்கார்ந்தேன். "கொஞ்சம் தள்ளிக்கோய்யா" என்று பாலுவிடம் சொல்லிவிட்டு, சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பியைப் பிடித்து இழுத்தேன். துரு. அசையவே இல்லை. கெட்ட வார்த்தை ஒன்று சொல்லி இழுத்தேன். டக்கென்று வந்துவிட்டது. என்றைக்கும் திட்டினால்தான் கேட்பார்.

மயிலாப்பூர் தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டு வந்தேன். ஒரு கியர்கூடக் கத்தவில்லை. நான்தான் வழியெல்லாம் கத்தி அழுதேன்.

திரும்பி வந்தபோது காயலாங்கடைக்காரன் போய்விட்டிருந்தான்.

ஜூன் 20, வெள்ளி

ஹாஸ்டலில் பாத்திரங்களை வாங்கிக்கொண்டு வந்தால், வாசலில் முத்துகிருஷ்ணன். தி.நகரில் துணி எடுக்கணுமாம், கார் வேண்டுமாம். சாவியை வாங்கிக்கொண்டு ஏறினான். முட்டி ஸ்டீயரிங்கில் இடித்தது.

"இன்னா அண்ணி, இவ்ளோ முன்னாடி கீது? பின்னாடி தள்ளிக்கிறேன்."

"கை வெக்காத. எறங்கி அந்தப் பக்கம் உக்காரு. நான் ஓட்டுறேன்."