மெஷினைப் பிரித்து மேய்ந்தவர்

மண்ணூர்பேட்டை,
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணா,

அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்துகிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? புழல் சிறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நீ கத்தியதில் பாதி கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கடைக்கு ஏன் போன் வருவதில்லை என்று கேட்டாய். நம் வெப்சைட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தேடும் விதம் மாறிவிட்டது. முன்பெல்லாம் "அம்பத்தூர் வாஷிங் மெஷின் ரிப்பேர்" என்று நெட்டில் போட்டால் கடைகள் வரிசையாக வரும். நம் பெயரைத் தொட்டு உள்ளே வருவார்கள். இப்போது தேடலே நாலு வரி பதில் எழுதி மேலே வைத்துவிடுகிறது. அதோடு போய்விடுகிறார்கள். நம்மைப் பற்றி அது எழுதியிருப்பது இது:

"ராயப்பன் சர்வீஸ் பல வருட அனுபவம் உள்ள கடை. ஆனால், குறைந்த மதிப்பெண் கொடுத்த வாடிக்கையாளரை உரிமையாளர் வீடு தேடிச் சென்று ஸ்பேனரால் தாக்கியதாகத் தெரிகிறது."

இது எந்த எதிரியும் எழுதியதல்ல. பத்திரிகைச் செய்தியையும், நீ அடித்த கலியமூர்த்தியின் தெருக்காரர்கள் நம் கடைக்கு எழுதிய விமர்சனங்களையும் சேர்த்துக் கம்ப்யூட்டரே எழுதியது. கலியமூர்த்திக்கு இடது கண் போய்விட்டது. தாடையைக் கம்பியால் இறுக்கியிருக்கிறார்கள்.

பழைய பக்கங்களைச் சரிசெய்து வருகிறேன். அது மட்டும்தான் என்னால் முடிகிறது.

உன் தங்கை,
ஸ்டெஃபி


புழல்,
16.8.25

பாப்பா,

சோறு வாயில வெக்க முடியல. அது கெடக்கட்டும். பெருசா பாடம் எடுத்துக்கீற. கம்ப்யூட்டரு எழுதுச்சின்னா அழி. அதுக்குத்தானே உன்ன படிக்க வெச்சேன்?

என் கூட்டாளி கிஷோராண்ட சொல்லிக்கீறேன். அவன் பசங்க நூறு பேரு அஞ்சு ஸ்டார் போடுவானுங்க. கெழவன் போட்ட ஒத்த ஸ்டார கெழவனே எடுக்கணும். எடுக்க வெக்கவும் கிஷோருக்குத் தெரியும்.

நாலு மணி நேரம் அவன் ஊட்டுத் தரையில குந்திகினு வேல பாத்தேன் பாப்பா. டீத்தண்ணி குடுத்தான், சிரிச்சான். நான் இந்தாண்ட வந்ததும் ஒத்த ஸ்டாரு குத்தி "மெஷினைப் பிரித்து மேய்ந்துவிட்டார்"னு போடுறான். நக்கலு. எந்த வாயால சிரிச்சானோ அந்த வாயிலயே வெச்சேன். இன்னொரு தபா மாட்டினாலும் அங்கயேதான் வெப்பேன்.

போலீசு கேட்டா, நான் வெறுங்கையோட போனேன்னு சொல்லு. கடையிலேர்ந்து ஸ்பேனர எடுத்தத நீ மட்டுந்தான் பாத்த. மாத்திச் சொன்ன, மொத உன் வெரலுதான். போன தபா ஒண்ணுதான் மடக்குனேன்.

ஜாமீன்ல போறவன் சட்டைக்குள்ள வெச்சி இத அனுப்புறேன்.

ஷெர்வின்


மண்ணூர்பேட்டை,
24 ஆகஸ்ட் 2025

அண்ணா,

கிஷோரின் நூறு ஐந்து நட்சத்திரங்களும் ஒரே மாலையில் வந்து விழுந்தன. பாதியில் "சூப்பர் சர்வீஸ் மாமே" என்றிருந்தது. மறுநாளே எல்லாம் நீக்கப்பட்டு, இந்தக் கடைக்குப் போலி விமர்சனங்கள் வந்திருப்பதாக ஓர் எச்சரிக்கை நம் பெயருக்குக் கீழே உட்கார்ந்துவிட்டது. இனி நல்லவர் யாராவது நல்லதாக எழுதினாலும் நம்பமாட்டார்கள்.

அதற்குப் பிறகு கிஷோர் இரும்புக் குழாயோடு முத்தாபுதுப்பேட்டையில் கலியமூர்த்தி வீட்டுக்குப் போயிருக்கிறான். ஜன்னலை உடைத்திருக்கிறான். கலியமூர்த்தியின் மனைவி அங்கம்மாவை முடியைப் பிடித்து வாசல்வரை இழுத்திருக்கிறான். தெரிந்ததும் நான் போனேன். கதவைத் திறந்த அங்கம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னாத்துக்கு வந்துக்கீற? மிச்சம் கீற கண்ணுக்கா?"

மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து, உடைந்த கண்ணாடியைக் கூட்டப் போனேன்.

"நாடகம் வேணாம். தொடப்பத்தக் கீழ வை. அவரு இன்னா தப்பா எழுதிட்டாரு, அத மட்டும் சொல்லு. நல்லாத்தானே எழுதுனாரு?"

"ஒரே ஒரு ஸ்டார் போட்டிருந்தாரும்மா."

"ஒண்ணாம் நம்பர் வேலைக்கு ஒண்ணு போடாம? எந்த ஸ்கூல்ல அஞ்சாவது ரேங்க்குக்குக் கை தட்டுறாங்க? பையன் பிரிச்சி மேஞ்சிட்டான், பிரிச்சி மேஞ்சிட்டான்னு தெருவெல்லாம் சொல்லிகினு திரிஞ்சாரு. எதிர்வூட்டு மெஷினுக்கும் உங்கண்ணனத்தான் கூப்பிடச் சொன்னாரு."

உள்ளே கட்டிலில் கலியமூர்த்தி ஐயா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறக்க முடியாது. என்னைப் பார்த்து ஆட்காட்டி விரலை உயர்த்தினார். ஒன்று. எனக்குப் புரிந்துவிட்டது என்று தெரியும்வரை அவர் அதை இறக்கவில்லை.

அவர் உன்னைப் பாராட்டினார், அண்ணா. நீ அவர் வாயை உடைத்தாய்.

ஸ்டெஃபி


புழல்,
30.8.25

பாப்பா,

படிச்சேன். ரெண்டு நாளு சோறு எறங்கல. அப்பால யோசிச்சேன். ஒத்த ஸ்டாருன்னா இன்னான்னு தெரியாத கெழவனுக்குப் போனு எதுக்கு? என் எடத்துல எவனா இருந்தாலும் அடிச்சிருப்பான்.

இது நமக்கு நல்லதுதான். வெப்சைட்ல பெருசா போடு. கெழவன் தப்பா போட்டான், கேக்கப் போன ஷெர்வின் மேல அவன்தான் மொதல்ல கை வெச்சான், ஷெர்வின் வெறுங்கையோட போனான். நாம எழுதுறத கம்ப்யூட்டரு எடுத்துக்கும்ல? ஊரு அதத்தான படிக்கும்.

வர்ற வாரம் ஜாமீன் கெடைக்கும்னு வக்கீல் சொல்றாரு. நேரா ஊட்டாண்டதான் வருவேன். நான் சொன்னது அதுல இல்லன்னு வெச்சிக்கோ, அம்மா எதிர்லயே உன் கைய மெஷின் ட்ரம்முல உட்டு சுத்துவேன்.

ஷெர்வின்


மண்ணூர்பேட்டை,
3 செப்டம்பர் 2025

ஷெர்வின் அண்ணாவுக்கு,

நீ சொன்னபடி வெப்சைட்டில் எழுதினேன். முதல் பக்கத்தில், மேலேயே:

"எங்கள் கடையை நடத்திய ஷெர்வின், கலியமூர்த்தி ஐயாவைக் கடையிலிருந்து எடுத்துச் சென்ற ஸ்பேனரால் அடித்தார். ஐயாமேல் எந்தத் தவறும் இல்லை. ஷெர்வின் இனி இந்தக் கடையில் இல்லை. இனி ரிப்பேருக்கு உங்கள் வீட்டுக்கு வரப்போகிறவர் தேவா. அவர் படமும் எண்ணும் கீழே இருக்கின்றன."

பதிவிடும் முன் அம்மாவிடம் காட்டினேன். கடை அம்மா பெயரில் இருக்கிறது. "எம்புள்ள பேர இவ்ளோ பெருசாவா போடணும்?" என்றாள். எழுத்தைச் சிறிதாக்கினேன். அவள் வேறெதையும் மாற்றச் சொல்லவில்லை.

ஸ்பேனரைப் பற்றி இன்ஸ்பெக்டரிடமும் இதையே சொல்லிவிட்டேன். கிஷோரை நேற்று பிடித்துவிட்டார்கள். உன் மிரட்டலையும் சொன்னேன். நீ இந்தத் தெருவுக்குள் வந்தால் கதவைத் திறக்கமாட்டேன், போனை எடுப்பேன். நீ மடக்கிய விரலால்தான் இதை எழுதுகிறேன். நன்றாகவே எழுதுகிறது.

உனக்காக ஜெபிக்கிறேன், அதில் பொய்யில்லை. நீ வரும் வழியை மறித்து நிற்கவும் போகிறேன், அதிலும் பொய்யில்லை.

இன்று காலை தேடிப் பார்த்தேன். பழைய வரிகள் அப்படியே இருந்தன. கடைசியில் ஒன்று கூடியிருந்தது: "அவர் தற்போது கடையில் இல்லை என்று குடும்பத்தினர் தெரிவிக்கின்றனர்." பதினோரு மணி வாக்கில் திருமழிசையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். மெஷினில் தண்ணீர் இறங்கவில்லையாம். முகவரியைச் சொல்லத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள்.

"அக்கா, ஊட்டுல நானும் கொழந்தையுந்தான் கீறோம். அந்தண்ணன் வரமாட்டாருல்ல?"

"வரமாட்டார்" என்றேன்.

மீதி முகவரியைச் சொன்னாள்.

ஸ்டெஃபி