கடகடத்த கதவு

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடாக்கிச் சாப்பிடு. காரில் புது ஸ்பீக்கர் மூன்று கதவில் மாட்டியாயிற்று. நீ உட்காரும் பக்கத்துக் கதவு மட்டும் பிரித்தபடி கிடக்கிறது. அந்தக் கண்ணாடியை இறக்காதே.

அந்தக் கதவுக்குள் உன் ஒற்றைக் கம்மல் கிடந்தது. கண்ணாடி இடுக்கு வழியே விழுந்திருக்கும். டம்ளரில் போட்டிருக்கிறேன். என் தங்கச்சிதான் எடுத்தாள் என்றாயே, அதே கம்மல்.

நாலு மாதமாக அவள் இங்கே வருவதில்லை. அவள் வீட்டுக்குத்தான் போகிறேன்.

பி.கு: பழைய ஸ்பீக்கரில் பழுதே இல்லை. கம்மல்தான் உள்ளே ஆடியிருக்கிறது.

இன்னொன்று. நீ அப்படிச் சொன்ன அன்று அவளைக் காரில் வீட்டில் விடப் போகும்போது, "அண்ணா, நீயும் அப்படித்தான் நினைக்கிறியா?" என்று கேட்டாள். நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். கதவு கடகடவென்றது.