மூன்று என்று ஒட்டிய டிஸ்க்

9-2-98, திங்கள்

சர்வர் வந்துவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் இந்தச் சட்டைக் கம்பெனியில் கம்ப்யூட்டர் என்றால் நான் ஒருத்திதான். பெட்டியை நானே பிரித்தேன். உள்ளே ஐந்து ஹார்ட் டிஸ்க்.

கட்டிங் மாஸ்டர் கன்னியப்பன் அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஒரு பொட்டிக்கு அஞ்சா? இன்னாத்துக்கு சுசீலா?"

"ஒண்ணு செத்தா, மத்த நாலும் சேர்ந்து அதுல இருந்ததைக் கணக்குப் போட்டுக் குடுத்துடும்ணே. வேலை நிக்காது. இதுக்குப் பேரு ரெய்டு."

"ரெய்டா? போலீஸ் வர்ற மாரி சொல்ற. சரி, ரெண்டு செத்தா?"

"எல்லாம் போச்சு."

"நல்லா கீதே கதை!"

10-2-98

ஐந்தையும் சேர்த்து ஒன்றாக்கினேன். 1 முதல் 5 வரை எழுதி ஸ்டிக்கர் ஒட்டினேன். பார்க்கவே அழகு.

6-3-98

துணி வெட்ட மாஸ்டர் அளவு வரைந்து வைத்திருந்த பேட்டர்ன் அட்டைகளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சத்தையும், அவர் நினைவில் வைத்து மறுபடி வரைந்ததையும் சர்வரில் ஏற்றி முடித்தோம். இருபது வருட உழைப்பு. இனி அட்டை வேண்டாம் என்று முதலாளி கஜபதி சார் சொல்லிவிட்டார்.

17-3-98, செவ்வாய்

பத்து மணிக்கு ஒரு டிஸ்க் போனது. திரையில் 'டிஸ்க் 3' என்று வந்தது. பயமே இல்லை, இதற்குத்தானே ரெய்டு? 3 என்று ஒட்டியதை உருவினேன்.

எல்லாம் நின்றது.

மெஷின் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. நான் ஒன்றிலிருந்து ஒட்டியிருக்கிறேன். செத்தது 4 என்று ஒட்டியது. நல்லா இருந்ததைப் பிடுங்கிட்டேனே! சர்வர்ல இருக்கிறதை போன வாரம் டேப்பில் காப்பியும் எடுக்கலை. மறந்துட்டேன் — யார்கிட்டப் போய்ச் சொல்றது?

முதலில் மாஸ்டரிடம்தான் போனேன். அவர் சொத்து அது. "அண்ணே, என் தப்பு. தப்பான டிஸ்க்கைக் கழட்டிட்டேன். ஒருவேளை எல்லாம் போயிருக்கலாம்."

கத்துவார் என்று நின்றேன். கத்திரிக்கோலை வைத்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "பதறிக்கினு எதையும் தொடாத. மொதல்ல குந்து. தண்ணி குடி."

சர்வர் விற்ற கம்பெனிக்குப் போன் செய்தேன். உருவியதை அதே இடத்தில் செருகி, அது நல்ல டிஸ்க்தான் என்று கட்டாயமாக ஏற்க வையுங்கள் என்றார்கள். மாஸ்டர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். செருகினேன். கட்டளை கொடுத்தேன்.

வந்தது. முதல் ஃபைலைத் திறந்தேன் — காலர், பதினைந்தரை இஞ்ச்.

"என் காலருதான்," என்றார். அப்புறம்தான் அழுதேன்.

18-3-98

செத்ததை எடுத்துவிட்டுப் புது டிஸ்க் போட்டேன். செத்ததில் இருந்ததையெல்லாம் மெஷினே அதில் எழுதி முடித்துவிட்டது. ஸ்டிக்கர்களைக் கிழித்து, 0-விலிருந்து ஒட்டினேன். டேப் இனி தினமும். கஜபதி சாரிடம் நானே நடந்ததைச் சொன்னேன். வந்து ஸ்டிக்கர்களைப் பார்த்தார். பிறகு, "எண்ணு பூஜ்யத்துலேருந்துன்னு எழுதி சுவத்துல ஒட்டிடும்மா" என்றார். ஒட்டினேன்.

22-6-98, திங்கள்

காலையில் இன்னொரு டிஸ்க் போனது. எண்ணை இரண்டு தரம் பார்த்து மாற்றினேன். ஒரு தையல் மெஷினும் நிற்கவில்லை. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானம் தயிர்சாதமும் மாவடுவும். டப்பாவை வழித்துச் சாப்பிட்டேன்.